பெயர் தெரியாத பாட்டை எடுத்து வையுங்கள்

ஓர் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் எத்தனை கோடுகள் இருக்கும்? நூறு என்பீர்கள், இருநூறு என்பீர்கள். உண்மையில் ஒன்றே ஒன்றுதான்! விளிம்பில் தொடங்கி உள்நோக்கிச் சுருண்டு செல்லும் ஒரே பள்ளம். நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டில் அதை நீட்டிப் பிடித்தால் நூறு மீட்டரைத் தாண்டும். பாடுவதோ மூன்று நிமிடம்.

கடலூர், சிதம்பரம் பக்கத்துக் காயலான் கடைகளில் இத்தகைய தட்டுகள் கண்ணில் பட்டால் எதை வாங்குவீர்கள்? சிதம்பரம் எஸ். ஜெயராமன் பெயரைப் பார்த்தால், நம் ஊர்க்காரர் என்று கை தானே நீளும். நானும் அப்படித்தான். ஆனால் அவருடைய திரைப்பாடல்கள் ஒலிநாடாவிலும் கணினியிலும் ஏறிவிட்டன. பக்கத்திலேயே கிடக்கும், யாரென்றே தெரியாத பாடகியின் தட்டை முதலில் எடுங்கள் என்பேன். அதற்கு வேறு பிரதி இல்லாமலே போயிருக்கலாம். 2011இல் தானே புயல், 2015இல் வெள்ளம். நம் மாவட்டத்தில் எத்தனை பழைய பெட்டிகள் நனைந்திருக்கும், எண்ணிப் பாருங்கள்.

வாங்கியதும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடாதீர்கள்! பழைய 78 தட்டுகள் அரக்கும் கல்தூளும் கலந்து செய்தவை. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் (மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுபவரைக் கேளுங்கள், சொல்வார்). பாட்டும் கூடவே போய்விடும். பின்னால் வந்த 45 சுற்றுத் தட்டுகள் வினைல் பிளாஸ்டிக். கீழே விழுந்தாலும் எளிதில் உடையா. அவற்றைச் சூடாக்கி வளைத்துக் கிண்ணமாக்கி அலமாரியில் வைப்பவர்களும் உண்டு. எனக்கு அது பிடிப்பதே இல்லை.

லேபிளில் உள்ள பெயரையும் எண்ணையும் நோட்டில் எழுதிக்கொண்டு, தட்டைச் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். பாடவைக்கும் பெட்டியைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.