ஒளியும் உயிரணுவும்

"இக்கல்வியால் வரும் ஊதியம் யாது?" என்னும் வினா நம் மாணவரிடையே நாள்தோறும் எழுகின்றது. குளத்துப் பாசியையும் உப்பளத்துச் சேற்றையும் ஆராய்வாரைக் கண்டு நகைப்பவரும் உளர். அன்னாருக்கு விடை கூறுவதே நம் நோக்கம்.

நாகூருக்கு வடக்கே, காரைக்கால் பகுதியின் தென்னெல்லையில் உள்ளது கீழவாஞ்சூர். அவ்வூர்க் கரையினின்றும் தெற்கு நோக்கிச் செல்வோமாயின், 1930-ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தால் நாடறிந்த வேதாரணியத்தை அடையலாம். உப்பளங்களில் உவர்நீர் முற்றுங்கால் பாத்திகள் செந்நிறம் கொள்வதுண்டு. உவரை விரும்பி வாழும் நுண்ணுயிர்கள் அதற்கு ஒரு காரணம். அவ்வினத்து உயிரொன்றில் ஒளியால் இயங்கும் புரதம் இருத்தலை 1971-இல் ஓஸ்டர்ஹெல்ட், ஸ்டோக்கேனியஸ் என்னும் அறிஞர் வெளியிட்டனர். அவர்கள் மருந்து தேடிச் சென்றவரல்லர். உண்மையைத் தேடிச் சென்றவர்.

பின்னர் 2002-இல், கிளாமிடோமோனாஸ் என்னும் பச்சைப் பாசியில் ஒளி பட்டவுடன் கதவுபோல் திறக்கும் புரதமொன்று அறியப்பட்டது. நாகெல், ஹெகெமன் முதலியோருடன் அவ்வாராய்ச்சியில் பங்கு கொண்டவருள் நம் நாட்டவராகிய சுனீல் கடேரியாவும் ஒருவர். இவ்வகைப் புரதத்தை நரம்பணுக்களில் அமைத்து, நீலவொளியால் அவற்றை விரும்பியவாறு தூண்டலாம் என்பதை 2005-இல் பாய்டன், டைசராத் முதலியோர் காட்டினர். 2009-இல் ஓட்ஸ் பயிரின் ஒளியுணர் புரதப் பகுதியொன்றை வேறொரு புரதத்துடன் இணைத்து, உயிரணுவினுள் நிகழும் செய்திப் போக்கையே ஒளியால் ஆண்டனர். ஒளி பட்ட பக்கம் நோக்கி உயிரணு நகர்ந்தது! சாளரத்தருகே வைத்த நாற்று வெளிச்சத்தை நோக்கி வளைவதை நாம் அனைவரும் கண்டுள்ளோம். ஆயினும் அதன் காரணத்தை வினவினோமா?

2021-இல், விழித்திரை நோயால் பார்வையிழந்த 58 வயதினர் ஒருவர், இம்முறைச் சிகிச்சைக்குப் பின், தனிக் கண்ணாடி அணிந்து, மேசைமேலிருந்த பொருள்களைக் கண்டு தொட்டார் என்னும் செய்தி வெளிவந்தது. இது முழுப் பார்வையன்று. புரதத்தின் மரபணுவை உயிரணுவினுட் செலுத்துதல் வேண்டும். தசையினுள் ஒளி ஆழச் செல்லாமையும் ஒரு தடை. ஆதலின் பார்வையற்றோர்க்கு இன்றே பெருநம்பிக்கை ஊட்டுதல் அறமாகாது. எனினும் வழி திறந்துவிட்டது என்பதில் ஐயமில்லை.

அவ்வழியைத் திறந்தவை எவை? உப்பு நீரும், பாசியும், பயிரும் அன்றோ! இவை மூன்றும் நம் வாயிலிலேயே உள்ளன. ஆயினும் நம் மாணவர் பாசியைப் படத்தில் வரைந்து மதிப்பெண் பெறுகின்றனர், குளக்கரைக்குச் செல்வதில்லை. இக்கடற்கரையின் கல்லூரிகள் தத்தம் உப்பங்கழியையும் குளத்தையும் ஆய்வுக்கூடமாகக் கொள்ளுதல் வேண்டும். அவற்றைத் தூர்ப்பதற்கும் மாசுபடுத்துவதற்கும் உடன்படலாகாது. ஊதியத்தை மட்டுமே முன்னிட்டிருப்பின், அப்பாசியை எவரும் நோக்கியிரார். அறியும் விருப்பே முதல். பயன் அதன் பின் வரும்.