கோடைப் படிப்புக்கு இவ்வளவு செலவு தேவையா?

அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகங்கள் கோடை விடுமுறையிலும் வெறிச்சோடிக் கிடப்பதில்லை. ஹார்வர்ட், ஸ்டான்ஃபர்ட், யேல் போன்றவை அந்த மாதங்களில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வரவழைத்து, விடுதியில் தங்கவைத்துப் பாடம் நடத்துகின்றன. சிங்கப்பூரிலிருந்தும் மாணவர்கள் செல்கிறார்கள்.

செலவுதான் மலைக்க வைக்கிறது. ஹார்வர்டின் இரண்டு வாரத் திட்டத்துக்குக் கட்டணம் மட்டுமே 5,000 அமெரிக்க டாலருக்கு மேல். விமானப் பயணச்சீட்டு தனி. இதில் சேர்ந்தால் பின்னர் அதே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிடும் என்று நம்பும் பெற்றோர் உண்டு. ஆனால், கோடைத் திட்டத்துக்கான தேர்வு வேறு, பட்டப்படிப்புக்கான சேர்க்கை வேறு. கட்டணம் செலுத்தக்கூடிய பலருக்கும் கிடைக்கும் ஒரு வாய்ப்பு, ஒருவரின் திறமைக்குச் சான்றாகிவிடாது.

எல்லாத் திட்டங்களும் ஒரே மாதிரி என்று சொல்ல முடியாது. 1984இல் தொடங்கி, இப்போது எம்ஐடியில் நடைபெறும் ஆர்எஸ்ஐ ஆய்வுத் திட்டத்தில் ஏறக்குறைய நூறு பேருக்குத்தான் இடம். அமெரிக்க மாணவர்களுக்குப் படிப்பு, தங்குமிடம், உணவு எல்லாம் இலவசம். சிங்கப்பூர் மாணவர்களும் அதில் பங்கேற்றிருக்கிறார்கள். டெலுரைட் சங்கம் நடத்தும் கோடைக் கருத்தரங்குகளுக்கும் கட்டணம் இல்லை. இவற்றில் இடம்பிடிப்பது கடினம். அதனால்தான் இவற்றுக்குத் தனி மதிப்பு.

நமக்கு நாள்காட்டியும் ஒரு தடை. ஜூன் விடுமுறை நான்கு வாரம்தான். அமெரிக்காவில் ஏழு வாரத் திட்டம் தொடங்கும் நேரத்தில் இங்கு மூன்றாம் தவணை தொடங்கிவிடும். தொடக்கக்கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு அடுத்து வருவது முன்னோட்டத் தேர்வு.

அப்படியானால் இத்திட்டங்களால் பயனே இல்லையா? இருக்கிறது. வளாகத்தில் தங்கிப் பழகுவதுதான் அந்தப் பயன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற முதல் ஆள் நான். முதல் பருவத்தில் பாடங்களைவிட மற்றவைதான் எனக்குக் கடினமாக இருந்தன. பேராசிரியரை எப்போது போய்ப் பார்க்கலாம், கலந்துரையாடல் வகுப்பில் எப்படிக் குறுக்கிட்டுப் பேசுவது, புரியாததை யாரிடம் கேட்பது என்பவற்றை யாரும் பாடமாகச் சொல்லித் தருவதில்லை. பட்டதாரிப் பெற்றோரின் பிள்ளைகள் இவற்றை வீட்டிலேயே கேட்டு வளர்கிறார்கள். மற்றவர்களுக்கு ஒரு வார விடுதி வாழ்க்கைகூடப் பேருதவியாக இருக்கும். ஆனால், 5,000 டாலர் கட்டணம் முதலில் வெளியே நிறுத்துவது அவர்களைத்தான்.

ஆகவே, இந்த வாய்ப்பை இங்கேயே உருவாக்க வேண்டும். கல்வி அமைச்சுடன் இணைந்து சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் மாணவர்களுக்கான ஆய்வுத் திட்டங்களை நடத்துகின்றன. அவை நல்ல திட்டங்கள். ஆனால், ஏற்கெனவே ஆய்வில் நாட்டமுள்ள, நன்றாகப் படிக்கும் மாணவர்களே பெரும்பாலும் அவற்றுக்கு வருகிறார்கள். மாலையானதும் வீடு திரும்பிவிடுகிறார்கள்.

மே முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை எங்களுக்கு விடுமுறை. விடுதி அறைகளைப் பலர் காலி செய்துவிடுகிறார்கள். ஜூனில் ஒரு வாரம், உயர்நிலை மூன்று மாணவர்களை அங்கே தங்கவைக்கலாம். குடும்ப வருமானத்துக்கேற்பக் கட்டணம் வைக்கலாம். வழிகாட்ட எங்களைப் போன்ற மாணவர்கள் முன்வருவோம். சிண்டா போன்ற அமைப்புகள் இதில் கைகோத்தால், பல்கலைக்கழகம் தங்களுக்கானது அன்று என்று நினைக்கும் நம் பிள்ளைகளும் வருவார்கள்.

அதுவரை, வெளிநாட்டுத் திட்டம் ஒன்றின் கையேடு உங்கள் வீட்டுக்கு வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். நடத்துவது பல்கலைக்கழகமா, அல்லது வளாகத்தை வாடகைக்கு எடுத்த நிறுவனமா? பாடம் நடத்துவது யார்? நிதியுதவி உண்டா? பதில் திருப்தி தராவிட்டால் பணத்தைச் சேமித்து வையுங்கள். பட்டப்படிப்பின்போது மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் சேர்ந்தால், உள்ளூர்க் கட்டணத்திலேயே ஒரு பருவம் முழுவதும் வெளிநாட்டில் படிக்கலாம். அந்தச் சேமிப்பு அப்போது தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் உதவும்.