பாடுவது மீனா, ஊரியா?

மட்டக்களப்பை ‘மீன்பாடும் தேனாடு’ என்று பெருமையோடு அழைக்கின்றோம். பாடுகின்ற உயிர் எது என்று மாணவன் ஒருவன் வினவினாலோ, நமக்குள்ளேயே இரண்டு விடைகள் எழுகின்றன. மீன் என்பார் சிலர். வாவியில் ஊர்ந்து திரியும் ஊரி என்பார் வேறு சிலர்.

ஊரிக் கட்சியினருக்குப் பழைய சான்று ஒன்று உண்டு. இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் 1848 ஆம் ஆண்டு செப்டெம்பரில் இங்கு வந்தார். நிலவு எழுந்தபின் மீனவருடன் தோணியேறி, கோட்டைத் துறையிலிருந்து ஏறக்குறைய 200 யார் தூரம் சென்றார். காற்றில்லை; அலையில்லை. நீருக்குள்ளிருந்து எழுந்த ஒலி, ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தாற்போல அவருக்குக் கேட்டது. அது நீண்ட ஓரிசையன்று. தனித்தனியான எண்ணற்ற சிற்றொலிகள். தோணியின் மரத்திலே செவியை வைத்தபோது ஒலி மிகுந்தது.

பாடுவது ஊரியே என்று கூறிய மீனவர், உயிருள்ள ஊரிகளையும் கொண்டுவந்து கொடுத்தனர். அவர்கள் சொன்ன பெயருக்கு ‘அழும் ஊரி’ என்று பொருள் எழுதிவைத்தார் ரெனன்ற். அவர் ஆங்கில எழுத்தில் குறித்த அப்பெயரில் ‘குளிறு’ என்னும் சொல் மறைந்திருப்பதாக எனக்குத் தோன்றுகின்றது. குளிறுதல் என்பது ஒலித்தலைக் குறிக்கும் நம் பழஞ்சொல். அழுகையினும் அதுவே பொருத்தம்.

ஆனால், ஊரி அங்கே வாழ்கின்றது என்பதற்குத்தான் அது சான்று, பாடியது என்பதற்கன்று. அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் இரு வகை. ஒன்று கண்டற் காட்டுச் சேற்றிலே உதிர்ந்த இலையைத் தின்பது. மற்றையது பாறையிலும் மரத்தண்டிலும் ஏறி, நீருக்கு மேலே ஒட்டிக்கொள்ளும் இனம். நீரடிப் பாடகர் இவர்தாம் என்பதை ஏற்க மனம் தயங்குகின்றது.

1826 இல் எடின்பரோவிலே கிறான்ற் என்னும் அறிஞர் நாடிய வழி வேறு. ஓடில்லாத கடல் நத்தைகளைக் கண்ணாடிச் சாடியிலே கடல்நீருடன் வைத்துச் செவிமடுத்தார். உருக்குக் கம்பி சாடியைத் தட்டினாற்போல ஒரு தட்டு, சற்று இடைவெளி, மீண்டும் ஒரு தட்டு. உயிரும் ஒலியும் ஒரே சாடிக்குள் அகப்பட்டன!

வீட்டுத் தொட்டியிலே கடல்நீரும் பவளப்பாறைத் துண்டும் வைத்திருப்போர் சிலர், நள்ளிரவில் ‘டிக்’ என்னும் ஓசை கேட்டுக் கண்ணாடி வெடித்ததோ என்று திடுக்கிட்டு எழுவதுண்டு. தேடினால் பாறைப் பொந்திலே விரலளவுகூட இல்லாத ஓர் இறால்! கொடுக்கின் இருபுறமும் மோதுவதால் அவ்வொலி எழுகின்றது என்றே நெடுங்காலம் எண்ணினர். கொடுக்கு விரைந்து மூடும்போது தோன்றும் நீர்க்குமிழி உடைவதே காரணம் என்பது 2000 ஆம் ஆண்டிலேதான் தெளிவாயிற்று.

மீன் கட்சியும் தோற்றுவிடவில்லை. காற்றுப்பையை அதிரச் செய்து ஒலிக்கும் மீன்கள் பல. கலிபோர்னியக் கரையில் ஓர் ஆண்மீன் பெண்ணை அழைத்து இரவெல்லாம் முரலுகின்றது.

மாணவர்கள் அமைதியான முழுநிலா இரவில் பெரியோர் துணையோடு கல்லடிப் பாலத்தருகே தோணியேறுக. துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி, மறுநுனியைச் செவியில் வைத்துக் கேட்க. பின்னர் ஊரியை ஒரு சாடியிலும், இறாலை ஒரு சாடியிலும், சிறுமீனை வேறொன்றிலும் இட்டு இரவிலே செவிமடுக்க. வாவியின் உவர்ப்பு பருவந்தோறும் மாறுவதால், பிடித்த இடத்து நீரையே ஊற்றுதல் வேண்டும். சாடியிலே பாடாதது வாவியிலும் பாடாது என்று முடிவுகட்டற்க. கேளாத இரவையும் நாளிட்டுக் குறித்துக்கொள்க. மறுநாட் காலையில் அவற்றை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுக.