ஏரிக்கரை எவர் உடைமை?

வீராணம் ஏரியின் கரை வெறும் மண்மேடன்று. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம், புவனகிரிப் பகுதிகளில் ஏறத்தாழ 45,000 குறுக்க நிலத்தின் உயிர்வேலி அது. முதற் பராந்தக சோழன் காலத்தில் (கி.பி. 907-955) அவனுடைய வீரநாராயணன் என்னும் பட்டப்பெயரால் அமைந்த அவ்வேரி, ஆயிரம் ஆண்டு கடந்தும் நிற்கின்றது. கீழணையினின்று வடவாறு கொணரும் கொள்ளிடத்து நீரால் அது நிறைகின்றது. நீரோடு வண்டலும் வருகின்றது. வண்டலை அகற்றாவிடின் கொள்ளளவு குறையும். சிறு கசிவை அன்றே அடைக்காவிடின் கரையே உடையும். எனவே, மண்கரையைக் காப்பது எங்கோ இருந்து எழுதும் ஆணையால் ஆவதன்று. அக்கரைமேல் நாளும் நடப்பவன் கண்ணாலும் கையாலும் ஆவது.

அதே பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921), ஏரிவாரியத்துக்குக் குடவோலையால் அறுவர் தேர்ந்தெடுக்கப்பெற்று 360 நாள் பணியாற்றிய முறையைக் கூறுகின்றது. கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியம் ஏறவியலாது. ஆயின், அவ்வுரிமை நிலமும் மறைநூற் கல்வியும் உடைய பார்ப்பனர்க்கே அன்று இருந்தது. அவ்வேற்றத்தாழ்வை நாம் மீட்கக் கேட்கவில்லை. கணக்கும் காலவரம்பும் உள்ள முறையை, உழைப்பார் அனைவர்க்கும் உரியதாக்கிக் கேட்கின்றோம்.

வெள்ளையராட்சி ஏரிகளின் வருவாயைத் தனதாக்கிக்கொண்டு, கரைகாக்கும் உழைப்பை மட்டும் 1858ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்புச் சட்டத்தால் ஊரார்மேல் சுமத்தியது. உரிமை அரசுக்கு, கடமை குடிகளுக்கு! அப்பணிக்கு நிலைத்த பெயரோ குடிமராமத்து. குடி தமிழ், மராமத்து அரபுச்சொல். பெயரில் பாதியும் உரிமையில் முழுதும் இழந்தோம். சமீன்தாரர்களின் தனியுடைமையாயிருந்த ஏரிகள், 1948ஆம் ஆண்டுச் சமீன் ஒழிப்புச் சட்டத்தால் அரசுடைமையாயின. தனியுடைமை ஒழிந்தது நன்றே. ஆனால், உடைமை ஊருக்கு வந்ததா?

2004இல் தொடங்கிய புதிய வீராணம் திட்டம், நாளொன்றுக்கு 18 கோடி இலிட்டர் நீரைச் சென்னைக்குக் கொண்டுசெல்லும் திறனுடையது. சென்னையில் நீர்வேட்கையுற்றோரும் நம் மக்களே. அவர்க்கு நீர் மறுப்பது அறமன்று. ஆனால், எவ்வளவு நீர், எந்தக் காலத்தில், பயிர் வாடும்போது என்ன செய்வது என முடிவுசெய்யும் அவையில் கரையோர உழவனுக்கும் இருக்கை வேண்டும்.

2000ஆம் ஆண்டு உழவர் பாசன மேலாண்மைச் சட்டம் நீர்ப்பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு வழிவகுத்தது. 2017இல் அரசு குடிமராமத்துத் திட்டத்தையும் தொடங்கியது. திட்டம் வருங்கால் பணி நடந்து, திட்டம் முடியுங்கால் பணியும் முடிவது பேணலாகாது. ஊர்தோறும் ஏரிவாரியம் வேண்டும். அதில் குத்தகையாளரும், கூலியுழவரும், பெண்டிரும் இடம்பெறல் வேண்டும். தூர்வாரிய மண்ணின் அளவும் செலவும் ஊர்ப்பொதுவிடத்தில் எழுதிவைக்கப்பெறல் வேண்டும். நீர்வரியில் ஒரு பங்கு அவ்வூர்க் கரைக்கே திரும்புதல் வேண்டும்.

தமிழ் உழவர்களே! கரை உடைந்தால் மூழ்குவது நம் நிலம். மூழ்குவது நமதாயின், காக்கும் உரிமையும் நமதே. அதைக் கேட்டுப் பெறுவோம்!