அணைக்கும் பொத்தான் யார் கையில்?

கையால் கியர் மாற்றும் விளையாட்டுக் கார்களில், எஞ்சினின் சுழற்சி வேகத்தைத் தானாகவே பொருத்தித் தரும் ஏற்பாடு வந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. 2008ஆம் ஆண்டின் இறுதியில் நிசான் நிறுவனம் அறிமுகப்படுத்திய 370இசட் காரில் அது முதலில் இடம்பெற்றது. பின்னர் கார்வெட், போர்ஷே, ஹோண்டா சிவிக் டைப் ஆர் எனப் பலவற்றுக்கும் பரவியது. அன்று தொடங்கிய வழக்கு இன்னும் ஓயவில்லை. ஓட்டுநரின் திறமையை எந்திரம் பறித்துக்கொண்டது என்கிறது ஒரு தரப்பு. வண்டி குலுங்காமல் ஓடுகிறது, கிளட்ச் நீடித்து உழைக்கிறது, வேறென்ன வேண்டும் என்கிறது மறு தரப்பு. இரு தரப்பும் கேட்கத் தவறிய கேள்வி ஒன்று உண்டு. எந்திரம் ஒரு திறமையை ஏற்றுக்கொள்ளும்போது, அதை நிறுத்திவைக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது? இக்கேள்வி கார்ப் பிரியர்களைவிட விழிஞ்ஞம் போன்ற துறைமுகங்களில் வேலை பார்ப்போருக்கே மிகவும் நெருக்கமானது.

முதலில் அந்தத் திறமை இன்னதென்று தெளிவுபடுத்துவது நல்லது. ஒரு கார் மூன்றாம் கியரில் செல்கிறது, எஞ்சின் நிமிடத்துக்கு 2,800 சுற்றுகள் சுழல்கிறது என வைத்துக்கொள்ளலாம். மூன்றாம் கியரின் விகிதம் 1.4, இரண்டாம் கியரின் விகிதம் 2.0 எனில், அதே வேகத்தில் இரண்டாம் கியருக்கு இறங்கும்போது எஞ்சின் 4,000 சுற்றுகளில் இருந்தாக வேண்டும். ஆனால் கிளட்ச் மிதிபட்டிருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் எஞ்சின் வேகம் கூடுவதில்லை, குறையவே செய்கிறது. அந்த நிலையில் கிளட்சை விட்டால் சக்கரங்களே எஞ்சினை இழுத்துச் சுழற்ற நேரிடும். வண்டி குலுங்கும், கிளட்ச் தேயும். பின்சக்கர உந்து கொண்ட வண்டி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தால், பின்சக்கரங்கள் பிடியிழந்து வண்டியே சுழன்றுவிடக்கூடும். இதைத் தவிர்க்கத் தேர்ந்த ஓட்டுநர் வலக்காலின் முன்பாதத்தால் பிரேக்கை அழுத்தியபடியே, அதே காலின் குதியாலோ விளிம்பாலோ ஆக்சிலரேட்டரைத் தட்டி எஞ்சினை உரிய வேகத்துக்கு உயர்த்துகிறார்.

புதிய ஏற்பாட்டில் இந்தத் தட்டலைக் கணினி செய்கிறது. கியர்த் தண்டு எப்பக்கம் நகர்கிறது, கிளட்ச் மிதிபட்டிருக்கிறதா, வண்டி என்ன வேகத்தில் ஓடுகிறது என்பவற்றை உணரிகள் தெரிவிக்கின்றன. தேவையான சுழற்சி வேகத்தைக் கணித்து, எஞ்சினுக்குள் செல்லும் காற்றைக் கணினியே கூட்டிவிடுகிறது. கியரை மாற்றுபவர் இன்னும் மனிதர்தான். மாற்றத்தின் மிக நுட்பமான ஒரு பகுதி மட்டும் அவர் காலிலிருந்து விலகிவிட்டது.

இத்திறமையைப் பந்தயக்காரர்களின் சொத்தாகக் கருதுவது வரலாற்றுப் பிழை. கியர்களின் வேகத்தை உள்ளுக்குள்ளேயே இணக்கும் சிங்க்ரோமெஷ் அமைப்பைக் காடிலாக் 1928இல் கொண்டுவரும்வரை, கார் ஓட்டிய பலருக்கும் எஞ்சின் வேகத்தைக் கணிப்பது அன்றாடத் தேவை. இந்தியாவின் கனரக வண்டிகளில் அந்தத் தேவை அதன் பின்னரும் பல பத்தாண்டுகள் நீடித்தது. தமிழகத்திலும் கேரளத்திலும் பழைய லாரிகளையும் பேருந்துகளையும் ஓட்டியவர்கள் அதை ‘டபுள் கிளட்ச்’ என்றார்கள். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரைத் தட்டி, மறுபடியும் கிளட்சை மிதித்துக் கீழ் கியரைப் போட வேண்டும். தவறினால் பற்கள் நறநறக்கும். மலைச்சரிவில் கியர் விழாமலே போனால் எஞ்சினின் பிடி இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்க வேண்டிவரும். இதற்குப் பாடநூல் இருக்கவில்லை. கிளீனராக ஏறிய இளைஞன் எஞ்சின் ஒலியைக் காதால் கேட்டுக் கேட்டே இதைப் பழகினான்.

அந்த ஓட்டுநர்களில் எவரும் டபுள் கிளட்சை இன்பமாகப் பேசியிருக்கத் தேவையில்லை. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை செய்தாக வேண்டிய வேலை அது. முழங்காலுக்கும் இடுப்புக்கும் அதன் விலை தெரியும். சிங்க்ரோமெஷ் பெட்டி வந்தபோது அவர்களுக்குக் கிடைத்தது ஓய்வு. அதே செயல் விளையாட்டுக் காரின் உரிமையாளருக்கு மட்டும் இன்பமாவது ஏன்? அவர் அதைச் செய்யாமலும் இருக்கலாம் என்பதே காரணம். கார்வெட்டில் ஸ்டீயரிங்கின் பின்னுள்ள துடுப்பை இழுத்தால் தானியக்கம் நின்றுவிடும். நிசானில் அதற்கென ஒரு பொத்தான் உண்டு. காலையில் நெரிசலில் எந்திரத்தை வேலை செய்யவிட்டு, விடுமுறை நாளில் மலைப்பாதையில் தன் காலை நம்பும் உரிமையை அவர் விலை கொடுத்து வாங்கியிருக்கிறார். திறமை அவரிடமிருந்து பறிபோகவில்லை; அதைப் பயன்படுத்தும் வேளையைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது.

இந்தச் சுதந்திரம் எவ்வளவு சமமற்று வழங்கப்படுகிறது என்பதை விழிஞ்ஞத்தில் ஒரே கரையில் வைத்துப் பார்க்கலாம். அங்குள்ள மீனவர்கள் கரையிலுள்ள குன்றுகளையும் உயர்ந்த கட்டடங்களையும் ஒன்றோடொன்று நேர்ப்படுத்தி, கடலடிப் பார்களின் இடத்தைக் குறித்துவைக்கும் மரபறிவைத் தலைமுறைகளாகக் கொண்டவர்கள். மைக்கேல் பொலானி 1966இல் விளக்கிய, சொல்லில் முழுதாக அடங்காத அறிவுக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. இன்று ஜி.பி.எஸ். கருவி அந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்கிறது. ஆயினும் படகில் கருவியை இயக்குபவரும் அணைப்பவரும் மீனவர்தான். கருவி நின்றுபோனால் மலையைப் பார்த்து இடம் சொல்லும் மூத்தவர் அதே படகில் இருக்கும்வரை, பழைய அறிவும் புதிய கருவியும் ஒன்றையொன்று அழிப்பதில்லை.

அக்கரையின் மறுபக்கத்தில், 2022இல் மீனவர்கள் மாதக்கணக்கில் எதிர்த்துப் போராடிய துறைமுகம் எழுந்து நிற்கிறது. 2024 டிசம்பரில் வணிக இயக்கத்தைத் தொடங்கி, 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அது, இந்தியாவின் முதல் பகுதித் தானியங்கித் துறைமுகமாக அறியப்படுகிறது. முற்றத்தில் சரக்குப் பெட்டிகளை அடுக்கும் கிரேன்களை இயக்குபவர்கள் உயரத்தில் தொங்கும் கூண்டில் ஏறுவதில்லை. கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து, கேமராக் காட்சிகளைப் பார்த்து இயக்குகிறார்கள். அவர்களில் பெண்களும் உள்ளனர். உள்ளூர் மீனவக் குடும்பங்களிலிருந்து வந்தவர்களும் உள்ளனர். இதைத் திறமையின் அழிவு என்று மட்டும் சொல்வது அநியாயம். பெண்களுக்குப் பெரும்பாலும் மூடியே கிடந்த ஒரு தொழிலின் கதவைத் தானியக்கம் திறந்திருக்கிறது. டபுள் கிளட்சிலிருந்து லாரி ஓட்டுநர் பெற்ற ஓய்வைப் போல, இதுவும் மெய்யான பேறு.

ஆனால் அந்த மேசையில் அமர்பவருக்குக் கார்வெட்டின் துடுப்பு கிடையாது. எந்த அசைவை எந்திரம் செய்யும், எதை மனிதர் செய்வார் என்பதை வகுப்பவர் அவரல்லர். திட்டமிடுதலைச் செய்கையிலிருந்து பிரித்து மேலாண்மையிடம் ஒப்படைப்பதே நவீன உழைப்பின் இயல்பு என்று ஹாரி பிரேவர்மன் 1974இல் வாதிட்டார். திறமை அழிகிறதா வளர்கிறதா என்ற விவாதத்தில் அவர் மிகைப்படுத்தியிருக்கலாம். தீர்மானிக்கும் இடம் நகர்கிறது என்ற அவதானிப்பு மட்டும் இன்றும் பொருந்துகிறது. கார் வாங்குபவர் வாடிக்கையாளர் என்பதால் பொத்தானைப் பெறுகிறார். எந்திரத்தோடு வேலை செய்பவர் ஊழியர் என்பதால் பெறுவதில்லை.

இதற்கு உடனே எழும் மறுப்பு பாதுகாப்பு குறித்தது. பல டன் எடையுள்ள பெட்டி தலைக்கு மேல் நகரும் இடத்தில், ஊழியர் விரும்பியபோதெல்லாம் தானியக்கத்தை அணைக்க விடலாமா? விடக்கூடாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்புக்குச் சாதாரணக் கார்களில் அணைக்கும் பொத்தான் வைக்கப்படாததும் இதனால்தான். அவசர வேளையில் மனிதக் கால் அதற்கு ஈடாகாது. ஆனால் பாதுகாப்பு வாதம் எதிர்த்திசையிலும் செல்லும். தானியக்கம் நம்பகமானதாக ஆக ஆக, மனிதருக்கு மிஞ்சுவது அது கைவிடும் அரிய, கடினமான கணங்கள் மட்டுமே. அக்கணங்களுக்கு வேண்டிய பழக்கமோ அன்றாட வேலையில் அவருக்குக் கிடைப்பதில்லை. லிசான் பெய்ன்பிரிட்ஜ் 1983இல் சுட்டிக்காட்டிய இந்த முரண், 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் கடலுக்கு மேல் 228 உயிர்களின் விலையில் மெய்ப்பட்டது. வேகத்தை அளக்கும் குழாய்கள் பனியால் அடைபட்டு, ஏர் பிரான்ஸ் 447 விமானத்தின் தானியங்கி விலகிக்கொண்டபோது, விமானிகளால் நிலைமையைச் சரியாக உணர்ந்து மீட்க முடியவில்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2013இல், வாய்ப்புள்ள வேளைகளில் விமானிகள் கையால் ஓட்டிப் பழகுவதை ஊக்குவிக்குமாறு விமான நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. பழகும் நேரமும் பாதுகாப்பின் ஒரு பகுதியே என்பதை அது ஏற்றுக்கொண்டதாகவே பொருள்.

எனவே ஊழியருக்கு உரிய பொத்தான் மேசைமேல் இருக்கும் ஒரு விசையாகவே இருக்க வேண்டியதில்லை. அது மூன்று வடிவங்களில் அமையலாம். எந்திரம் ஏற்றுக்கொண்ட செயலைத் தானே செய்து பழக, சம்பளத்தோடு ஒதுக்கப்பட்ட நேரம் முதலாவது. எந்திரம் எப்போது, எதனால் தலையிட்டது என்ற பதிவைக் கண்காணிப்பாளர் மட்டுமன்றி இயக்குபவரும் பார்க்கும் உரிமை இரண்டாவது. மனிதருக்கும் எந்திரத்துக்கும் வேலையைப் பங்கிடும் தீர்மானங்களில் ஊழியர்களின் குரல் மூன்றாவது. இவற்றில் எதுவும் தொழில்நுட்பத்தால் இயலாததன்று. வார இறுதி ஓட்டத்துக்காக ஒருவரின் வலக்காலுக்கு இவ்வளவு மரியாதை தரத் தெரிந்த பொறியியலுக்கு, எட்டு மணிநேர உழைப்பில் இருப்பவரின் கைக்கும் அதைத் தரத் தெரியும். கேட்பவர்தான் வேண்டும்.

ஆய்வுலகின் பங்கு அங்கேதான் தொடங்குகிறது. தானியக்கத்தால் எத்தனை வேலைகள் போயின, எத்தனை வந்தன என்ற எண்ணிக்கை தேவையானதே. அதோடு ஆய்வு நின்றுவிடுகிறது. வந்த வேலையில் அமர்ந்தவர் ஐந்தாண்டு கழித்து எதைத் தானாகச் செய்யத் தெரிந்தவராக இருப்பார், எந்திரம் பிழைபட்டால் யார் மீது பழி விழும் என்ற கேள்விகள் அரிதாகவே கேட்கப்படுகின்றன. விழிஞ்ஞத்தின் கட்டுப்பாட்டு அறைக்குச் சென்ற மீனவர் மகளிடம் இக்கேள்விகளைக் கேட்க இதுவே தக்க தருணம். வேலை இன்னும் புதிது. பங்கீட்டு விதிகள் இறுகிப்போக இன்னும் காலம் இருக்கிறது.