கோகோலிடம் கோபித்துக்கொண்ட குமாஸ்தா

ரஷ்ய எழுத்தாளர்கள் எல்லோருமே கோகோலின் 'மேல்கோட்டு' கதையிலிருந்து வந்தவர்கள்தான் என்று தஸ்தயெவ்ஸ்கி சொன்னதாகச் சொல்வார்கள். அவர் எழுதியவற்றில் அப்படி ஒரு வரி இல்லை. 1886-ல் வந்த ஒரு பிரெஞ்சுப் புத்தகம் வழியாகத்தான் அது உலகம் சுற்றியது. போகட்டும். சொன்னாரோ இல்லையோ, தன் முதல் நாவலிலேயே கோகோலுக்கு அவர் பதில் எழுதிவிட்டார்.

'மேல்கோட்டு' 1842-ல் வெளியானது. பீட்டர்ஸ்பர்க் அரசு அலுவலகத்தில் காகிதங்களைப் பார்த்துப் பிரதி எடுக்கும் ஏழை குமாஸ்தா அக்காக்கி. மாலைத் தேநீரை நிறுத்தி, மெழுகுவத்தி ஏற்றாமல், பூட்ஸ் தேயாதபடி பூப்போல நடந்து காசு சேர்த்து ஒரு கோட்டு தைத்துக்கொள்கிறார். போட்ட முதல் நாள் இரவே திருடர்கள் உருவிக்கொள்கிறார்கள். உதவி கேட்டுப் போனால், பெரிய அதிகாரி போட்ட சத்தத்தில் மிரண்டு, ஜுரம் கண்டு செத்துப்போகிறார். (பிறகு பேயாக வருவது தனிக்கதை.) பாவம், ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்கவும் அவருக்கு வராது.

1846-ல் 'ஏழை மக்கள்' வந்தபோது தஸ்தயெவ்ஸ்கிக்கு வயது 24. அதன் நாயகன் மகார் தேவுஷ்கினும் பிரதி எடுக்கும் குமாஸ்தாதான். ஆனால் இவர் பேசுகிறார். பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதுகிறார். எதிர்வீட்டு ஏழைப்பெண் வார்வரா படிக்கக் கொடுத்த புஷ்கினின் கதை, மகளைப் பறிகொடுத்த தகப்பன் கதை, அவரை உருக வைக்கிறது. அடுத்து 'மேல்கோட்டு' வருகிறது. படித்ததும் பொங்கிவிடுகிறார். தன் அறைக்குள் யாரோ எட்டிப்பார்த்து, தன் கிழிசலை ஊருக்குக் காட்டிவிட்டதாகக் கோபம். அந்த ஆளைச் சாகடிக்காமல், கோட்டையும் மீட்டுக்கொடுத்து, பதவி உயர்வும் தந்திருக்கக் கூடாதா என்கிறார். கோகோல் பரிதாபத்தோடும் சிரிப்போடும் வெளியே நின்று பார்த்த மனிதரிடம், அவரைப் பற்றிய கதையையே கொடுத்து வாசிக்க வைத்த துணிச்சல் அந்த இளைஞருடையது.

அதோடு விடவில்லை. பிரதி எடுத்ததில் ஒரு வரி விட்டுப்போனதற்காக மகாரை மேலதிகாரி கூப்பிடுகிறார். நடுங்கிக்கொண்டு நிற்கும்போது, நூலில் தொங்கிக்கொண்டிருந்த சட்டைப் பொத்தான் அறுந்து அதிகாரியின் காலடிக்கே உருண்டு ஓடுகிறது. மகார் குனிந்து அதைத் துரத்துகிறார். கோகோலின் அதிகாரியாக இருந்தால் கத்தியிருப்பார். இவரோ நூறு ரூபிளைக் கையில் வைத்து, அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கவும் செய்கிறார். பணத்தைவிட அந்தக் கைகுலுக்கல்தான் பெரிது என்று வார்வராவுக்கு எழுதுகிறார் மகார்.

அந்த வார்வராவை, கடைசியில் ஒரு பணக்காரர் கல்யாணம் செய்து கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்.