வீட்டில் ஒன்று, தெருவில் ஒன்று, பள்ளியில் ஒன்று

ஓசூரில் வேலை கிடைத்து வாடகைக்கு வீடு பிடிக்கும் இளம் தம்பதியர் எந்த ஊரிலிருந்து வந்திருந்தாலும், குழந்தைக்கு இரண்டு வயது நெருங்கும்போது ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். குழந்தையிடம் எந்த மொழியில் பேசுவது? ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் இதைக் கேட்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கும் தெலுங்கு, கன்னடக் குடும்பங்களும் கேட்கின்றன. தேனியிலிருந்து வேலைக்கு வந்து, கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் குடியேறிய தமிழ்க் குடும்பமும் கேட்கிறது. வீட்டு மொழியிலேயே பேசினால் பள்ளி மொழி வராமல் போகுமோ என்று ஒரு பயம். இரண்டு மூன்று மொழி காதில் விழுந்தால் குழந்தை குழம்பிவிடுமோ, பேச்சே தள்ளிப்போகுமோ என்று இன்னொரு பயம். இந்தப் பயங்களில் எது சரி, எது தேவையில்லாதது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓசூருக்குப் பல மொழி புதிதில்லை. ஆங்கிலேயர் காலத்தில் இது சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டத்தில் இருந்தது. பக்கத்திலுள்ள ஆனேக்கல் மைசூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956-இல் மொழிவழியாக மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோதும் ஓசூர் சென்னை மாநிலத்திலேயே தொடர்ந்தது. 1965-இல் தருமபுரி மாவட்டத்திலும், 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் சேர்ந்தது. வரைபடத்தில் கோடுகள் மாறினாலும் வீடுகளில் பேச்சு மாறவில்லை. தளி, அஞ்செட்டி பக்கம் கன்னடம் கேட்கும். பேரிகை, சூளகிரி, வேப்பனப்பள்ளி பக்கம் தெலுங்கு கேட்கும். உருது பேசும் குடும்பங்கள் மாவட்டம் முழுக்க இருக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள்கூட மூன்று மொழியில் பேரம் பேசும் சந்தைகள் இவை.

இதன் மேல் ஆலைகள் வந்தன. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை, அதைத் தொடர்ந்து அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன். அண்மையில் போச்சம்பள்ளி பக்கம் ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலை, தேன்கனிக்கோட்டை வட்டத்தில் டாடா எலக்ட்ரானிக்ஸ். தொடக்கத்தில் தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பின்னர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் என்று வரவு விரிந்தது. 2019-இல் ஓசூர் மாநகராட்சியானது.

ஆக, ஒரே தெருவில் வளர்ந்தாலும் குழந்தைகளின் நிலை ஒன்றாக இல்லை. பேரிகைத் தெலுங்குக் குழந்தைக்கு வீட்டிலும் தெலுங்கு, தெருவிலும் தெலுங்கு, உறவிலும் தெலுங்கு. அது பிறந்த ஊரிலேயே இருக்கிறது. ஒடியாக் குழந்தைக்குத் தன் மொழியைப் பேசும் உலகமே பெற்றோர் இருவரும், ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பும்தான். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

குழந்தையின் காது எப்படி வேலை செய்கிறது? இதற்கு ஒரு புகழ்பெற்ற சோதனை உண்டு. 1984-இல் கனடாவில் ஜேனட் வெர்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் மட்டுமே பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் ‘த’ ஒலியையும் ‘ட’ ஒலியையும் கேட்கச் செய்தார்கள். ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு இல்லை. பெரியவர்களால் பிரித்தறிய முடியவில்லை. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் பிரித்தறிந்தார்கள். அதே சோதனையில் பத்து, பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் மிகச் சிலரால்தான் முடிந்தது. குழந்தை எல்லா மொழிகளின் ஒலிக்கும் தயாராகப் பிறக்கிறது. முதல் ஆண்டு முடிவதற்குள், தன்னைச் சுற்றிக் கேட்கும் ஒலிகளை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழிக்கத் தொடங்குகிறது. சுற்றிலும் இரண்டு மொழி கேட்டால் இரண்டின் ஒலிகளையும் வைத்துக்கொள்ளும்.

சரி, ஒலி வந்துவிட்டது. பேச்சு குழம்பாதா? சிப்காட் ஓரமாக வரிசையாகக் கட்டப்பட்ட லைன் வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஒரு சுவர்தான் இடைவெளி, பொதுவான குழாயடி, மாலையில் வாசலில் பிள்ளைகள். வீட்டுக்காரம்மா தெலுங்கு, அடுத்த வீடு தமிழ், கடைசி வீடு ஒடியா. கடைசி வீட்டு மூன்று வயதுக் குழந்தை அம்மாவிடம் ‘பாணி’ என்று தண்ணீர் கேட்கும். பக்கத்து வீட்டு அத்தையிடம் ‘தண்ணி’ என்று கேட்கும். வீட்டுக்காரம்மாவிடம் ‘நீள்ளு’ என்று கேட்டு அவரைச் சிரிக்கவைக்கும். யாரும் அதற்கு இலக்கணம் சொல்லித் தரவில்லை. ஆளைப் பார்த்து மொழியைத் தேர்ந்தெடுக்கும் திறன் இரண்டு வயதை ஒட்டியே தெரியத் தொடங்குகிறது என்று மொழி வளர்ச்சி ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு மொழி கலந்து பேசுவதும் உண்டு. ஒரு மொழியில் சொல் கிடைக்காதபோது கையிலிருக்கும் மற்ற மொழிச் சொல்லைப் போட்டு வாக்கியத்தை முடிக்கிறது. பெரியவர்களும் அப்படித்தான் பேசுகிறோம். ஆகவே கலப்பைக் குழப்பம் என்று நினைத்து அஞ்ச வேண்டியதில்லை.

தாமதம் பற்றிய பயத்துக்கு ஓரளவு காரணம் இருக்கிறது. இருமொழிக் குழந்தையிடம் ஒரு மொழிச் சொற்களை மட்டும் எண்ணினால் குறைவாகத்தான் இருக்கும். 1990-களில் அமெரிக்காவின் மயாமி நகரில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் பேசும் சிறு குழந்தைகளின் சொற்களை எண்ணிய ஆய்வாளர்கள், இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, ஒருமொழிக் குழந்தைகளுக்கு அவர்கள் பின்தங்கவில்லை என்று கண்டார்கள். பால்வாடி டீச்சர் தமிழ்ச் சொற்களை மட்டும் எண்ணினால் ஒடியாக் குழந்தை மந்தம் போலத் தெரியும். உண்மையில் அதன் பாதிச் சொற்கள் டீச்சருக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். இரண்டு வயதாகியும் எந்த மொழியிலுமே இரண்டு சொல் சேர்த்துப் பேசாத குழந்தையை, பல மொழி கேட்கிறது, போகப்போகச் சரியாகும் என்று விட்டுவிடக் கூடாது. அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய் முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும். கேட்கும் திறனில் குறை இருந்தால் சீக்கிரம் கண்டுபிடிப்பது மிக முக்கியம்.

ஓசூரின் உண்மையான சிக்கல் வேறோரிடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எந்த மொழி என்பதைவிட, பேசுவதற்கு ஆள் இருக்கிறார்களா என்பது பெரிய கேள்வி. அப்பாவுக்கு ஒரு ஷிப்ட், அம்மாவுக்கு இன்னொரு ஷிப்ட். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் தூங்க வேண்டும். சொந்த ஊரில் பாட்டி, சித்தி, பெரியம்மா என்று ஐந்தாறு பேர் குழந்தையோடு ஓயாமல் பேசியிருப்பார்கள். இங்கே பத்துக்குப் பத்து அறையில் செல்போன் பேசுகிறது. இந்திப் பாட்டும் கார்ட்டூனும் மணிக்கணக்கில் ஓடுகின்றன. மொழிதானே கேட்கிறது, நல்லதுதானே என்று தோன்றலாம்.

அதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. 2003-இல் பாட்ரிசியா கூல் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியை அறிமுகப்படுத்தினார்கள். ஒரு பிரிவுக் குழந்தைகளுடன் சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து, பொம்மை காட்டி, புத்தகம் புரட்டிப் பேசினார்கள். இன்னொரு பிரிவுக்கு அதையே காணொளியாகக் காட்டினார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் ஒலி வேறுபாட்டைக் கற்றார்கள். காணொளியில் பார்த்தவர்கள் கற்கவில்லை. குழந்தை சுட்டிக்காட்டும் பொருளைத் தானும் பார்த்து, அது முணுமுணுப்பதற்குப் பதில் சொல்லும் மனிதர் எதிரில் இருக்கும்போதுதான் அதற்கு மொழி வருகிறது. இதனால்தான், பெற்றோர் தமக்குச் சரளமாக வராத மொழியில் தட்டுத்தடுமாறிப் பேசத் தொடங்குவது நல்ல யோசனையாக இல்லை. அரைகுறைத் தமிழில் “வா, சாப்பிடு, தூங்கு” என்பதற்கு மேல் ஒடியா அம்மாவால் போக முடியாது. ஒடியாவில் அவரால் கதை சொல்ல முடியும், கொஞ்ச முடியும், ஏன் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியும். தமிழைப் பக்கத்து வீட்டு அத்தையும், தெருப் பிள்ளைகளும், பால்வாடியும் தந்துவிடுவார்கள்.

பேச்சுக்கு இவ்வளவு போதும். பள்ளி வேறு கதை. ஆறு வயதில் சேரும் குழந்தை ஓரிரு ஆண்டுகளில் மற்ற பிள்ளைகளைப் போலவே தமிழ் பேசிவிடும். ஆசிரியரும் பெற்றோரும் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் பேச்சுமொழி வேறு, பாடமொழி வேறு. ‘பந்தைப் போடு’ என்பது பேச்சு. ‘நீர் ஆவியாதல் என்றால் என்ன என்று விளக்குக’ என்பது பாடம். ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர், கனடாவுக்குக் குடிவந்த பிள்ளைகளைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்து 1980-களின் தொடக்கத்தில் இதை விளக்கினார். பேச்சுமொழி வர ஏறத்தாழ இரண்டு ஆண்டு போதும். பாடமொழியில் உள்ளூர்ப் பிள்ளைகளை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன. நான்காம் வகுப்பில் நன்றாகப் பேசும் பிள்ளை கணக்குக் கேள்வியைப் படித்துவிட்டுத் திகைத்து உட்கார்ந்தால், அது படிப்பு வராத பிள்ளை என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது இன்னும் பாதி வழியில் இருக்கிறது.

இங்கே சட்டமும் உள்ளே வருகிறது. தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம், முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழைக் கட்டாய மொழிப்பாடமாக்கியது. தாய்மொழி வேறாக இருந்தால் அதை விருப்பப்பாடமாகப் படிக்கலாம். அந்த முதல் வகுப்புப் பிள்ளைகள் 2016-இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு வந்தபோது ஓசூர்ப் பகுதியின் தெலுங்கு வழிப் பள்ளிகளில் சிக்கல் வெடித்தது. தமிழ் சொல்லித்தர ஆசிரியர்களே போதுமான அளவில் இல்லை என்று சொல்லி மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் விலக்குத் தந்தது. விலக்குகள் தொடர்ந்தன. 2023-இல் உச்ச நீதிமன்றம் மேலும் ஓராண்டு நீட்டித்தது. எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே போன்ற ஏற்பாடுதான். கர்நாடகத்தின் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் கன்னடத்தை முதல் அல்லது இரண்டாம் மொழியாகப் படிக்கச் சொல்கிறது. அத்திப்பள்ளிக்கும் இந்தப் பக்கத்து ஜூஜூவாடிக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்தில் வீடு மாறினால் பிள்ளையின் எழுத்தே மாறிவிடுகிறது.

மாநிலத்தின் மொழியைப் பிள்ளைகள் கற்க வேண்டும் என்பதில் தவறில்லை. அது அவர்களுக்கு வேலையும் நட்பும் தரும் மொழி. அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று மோத வேண்டியவை அல்ல. ஓசூரில் அவை மோதியதற்குக் காரணம், விதி முதலில் வந்து ஆசிரியர் பின்னால் வந்ததுதான்.

குடும்பம் தங்குமா, திரும்புமா என்பதையும் பார்க்க வேண்டும். திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வருபவர்கள் சில மாதங்களில் ஊர் திரும்புகிறவர்கள். அங்கே ஒடியாப் பாடநூல்களையும் ஒடியா தெரிந்தவர்களையும் கொண்டு வேலையிடப் பள்ளிகள் நடத்தப்பட்டன. திரும்பிப் போய்ப் படிப்பைத் தொடர வேண்டிய பிள்ளைகளுக்கு அது பொருத்தம். ஓசூர் ஆலைக் குடும்பங்களில் பல அப்படித் திரும்புவதில்லை. நாலு வருடம் என்று வந்தவர்கள் இங்கேயே தங்கிவிடுகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் வேண்டும், வீட்டு மொழியிலிருந்து தமிழுக்கு ஒரு படிக்கட்டும் வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் இதில் துணை நிற்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, பின்தங்கியதை ஈடுகட்டச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்று சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது. இது தெரியாமல் ஒரு வருடத்தை இழக்கும் பெற்றோர் உண்டு.

எனக்குத் தோன்றுவது சிறிய காரியங்கள்தான். பள்ளியின் மாணவர் பதிவில் தாய்மொழிக்கு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பி மூடிவைக்காமல் எண்ணிப் பார்க்கலாம். ஒரு பள்ளியில் எட்டு ஒடியாப் பிள்ளைகள், ஐந்து பெங்காலிப் பிள்ளைகள் என்று தெரிந்துவிட்டால், அவர்களில் மூத்த பிள்ளையைப் புதிதாக வந்த பிள்ளையின் பக்கத்தில் உட்காரவைக்கலாம். பெங்களூரின் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் குழந்தைக் கதைகள் இந்திய மொழிகள் பலவற்றில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே கதையை ஒடியாவில் ஒன்று, தமிழில் ஒன்று என்று அச்செடுத்து, ஒடியாப் பிரதியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். ராத்திரி அம்மா அவர் மொழியில் வாசித்த கதையைப் பிள்ளை மறுநாள் வகுப்பில் தமிழில் படிக்கும்போது, கதை ஏற்கெனவே தெரிந்திருக்கும். எழுத்தோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா படத்தைப் பார்த்துக் கதை சொன்னாலும் இதே பலன்தான்.

பால்வாடிச் சேர்க்கை அன்றே டீச்சர் அந்த அம்மாவிடம் ஒன்றைச் சொல்லி அனுப்பினால் நல்லது: வீட்டில் உங்கள் மொழியிலேயே பேசுங்கள், நிறையப் பேசுங்கள், தமிழை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.